ஆணிக்கு ஒரு சாண் முன்னால்

அத்தியாயம் 11

சோதனை அறை மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரே ஒரு வடக்கு ஜன்னல். மற்ற சுவர்களையெல்லாம் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. உள்ளே வருகிறவர்கள் யாரும் சொல்லாமலேயே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கதவைத் திறந்ததும் சின்னவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது, வெள்ளிக்கிழமை வந்துவிட்டது என்பதுதான்.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் அண்ணன் கெடு வைத்திருந்தான். "அம்மாவோட கடைசி லென்ஸ் வெள்ளிக்கிழமைக்குள்ள தேறினா மிரர் காமிரா ஓடட்டும். தேறலைன்னா மூடிட்டு மிரர்லெஸ்ஸுக்குப் போயிடலாம். அப்புறம் யாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

அண்ணன்தான் கம்பெனியை நடத்துகிறான். அண்ணி விற்பனையைப் பார்க்கிறாள். சின்னவளுக்குச் சோதனை அறை. லென்ஸை வரைந்தது எப்போதும் அம்மா. அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பாதியில் விட்டுப்போன கடைசி லென்ஸை, முகங்களுக்கென்றே வரைந்த அந்த லென்ஸை, பட்டறைக்காரர்கள் இந்த வாரம்தான் முடித்துக் கொடுத்திருந்தார்கள்.

மூடுவதென்றால் காமிராவோடு நிற்காது. உள்ளே கண்ணாடி இல்லாத, சத்தமே போடாத புதிய காமிராவின் வாயில் பழைய லென்ஸ் எதுவும் பொருந்தாது. அம்மா வரைந்த அத்தனையும் அலமாரிக்குப் போகும். சோதனை அறையும் போகும். புதிய லென்ஸ்களை வெளியிலிருந்து வாங்கி நம் பெயரை ஒட்டினால் போதும் என்று அண்ணன் கணக்குப் போட்டிருந்தான்.

"பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் மிரரை விட்டுட்டுப் போயாச்சு" என்று அண்ணி அன்று சொன்னாள். "ஊரே காலி பண்ணின தெருவுல நம்ம கடை மட்டும் தொறந்திருக்கு. நல்லதா கெட்டதான்னுதான் தெரியல."

"அந்தத் தெருவுல மிச்சம் இருக்கறவங்க எல்லாம் நம்மகிட்டதானே வருவாங்க" என்றாள் சின்னவள்.

அண்ணன் தட்டைப் பார்த்தபடி, "அந்தச் சத்தம்" என்று மட்டும் ஏதோ முணுமுணுத்தான். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

சின்னவள் இப்போது ஜன்னலைத் திறந்தாள். கறுப்புத் துணிக்கு முன்னால் மர நாற்காலி. அதன் முதுகுப் பலகையின் உச்சியில் ஒரு பித்தளை ஆணி. மூலையில் இன்னொரு ஸ்டாண்டில், கறுப்புத் துணி மூடிய அம்மாவின் சொந்தக் காமிரா. அதன் பேட்டரி உப்பிப்போய் வெகுநாள் ஆகிறது. அதை எடுத்துச் சின்னவள் தன் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தாள்.

ஆணியைத் துடைக்கும்போது அது விரலைக் கிழித்தது. இத்தனை காலம் மழுங்கிக் கிடந்த ஆணி.

"காலங்காத்தால ரத்தம்" என்றபடி அண்ணி உள்ளே வந்தாள். முதலுதவிப் பெட்டியிலிருந்து நீலநிற பிளாஸ்டரை எடுத்து, சின்னவளின் இடது ஆள்காட்டி விரலில் சுற்றிவிட்டாள். "இந்த நீலத்தைக் கண்டுபிடிச்சவனைக் கூப்பிட்டுப் பாராட்டணும். பத்து மைல் தள்ளி இருந்தாலும் தெரியும்."

"அதுக்குத்தான் நீலமா வக்கிறாங்க. கண்ணாடிக்குள்ள விழுந்தா உடனே தெரியணும்னு."

"சரி டாக்டர். குழந்தையைப் பாரு."

கம்பெனியில் எல்லோரும் சின்னவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். லென்ஸைக் கையில் வாங்கினதும் நோயைச் சொல்லிவிடுவாள் என்பதால் வந்த பெயர்.

அந்த அறைக்கென்று ஒரு முறை உண்டு. எந்த லென்ஸ் ஆனாலும் முதல் படம் அந்த நாற்காலியில்தான். அம்மாவே உட்காருவாள். ஃபோகஸ் பிடிக்கும்போது காமிரா அடிக்கும் சிவப்பு வெளிச்சம் அம்மாவின் கண்ணுக்கு ஆகாது. அதனால் காமிராவை முகத்துக்குக் காட்டாமல், காதோரம் தெரியும் ஆணிக்குக் காட்டுவார்கள். ஆணியில் ஃபோகஸ் நின்றதும், லென்ஸின் வளையத்தைக் கையால் திருப்பி ஒரு சாண் முன்னால் கொண்டுவந்தால் அம்மாவின் கண் கிடைக்கும். "ஆணியில பிடி, ஒரு சாண் முன்னால வா." சின்னவள் எழுத்துக் கற்ற வயதிலேயே அதையும் கற்றுக்கொண்டிருந்தாள்.

இன்று நாற்காலியில் யாரும் இல்லை. ஆணி மட்டும் போதும். பக்கத்தில் சாய்வாக ஒரு அளவுகோலை நிறுத்தினாள். ஃபோகஸ் எங்கே விழுகிறது என்று அது காட்டிவிடும்.

காமிராவில் புது லென்ஸை மாட்டி, கண்ணை வைத்து, ஆணியைப் பிடித்தாள். 'டப்' என்று உள்ளே கண்ணாடி எழும்பி விழுந்தது. அந்த ஒரு கணம் மட்டும் பார்வைத் துளை இருண்டது. மிரர் காமிராவின் குணம் அது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். படம் விழுகிற அந்தக் கணத்தை மட்டும், எடுக்கிறவர் பார்க்க முடியாது.

திரையில் படம் வந்தது. ஆணி கலங்கியிருந்தது.

அளவுகோலைப் பெரிதாக்கினாள். ஆணிக்கு முன்னால், ஒரு சாணும் நாலு விரலும் தள்ளி, கோடுகள் ஊசிபோல நின்றன. அந்த இடத்தில் எதுவும் இல்லை. வெறும் காற்று.

"என்ன, தூக்கத்துல இருக்கா உன் குழந்தை?" என்றாள் அண்ணி.

சின்னவள் காமிராவை மாற்றினாள். அதே இடம். பழைய லென்ஸ் ஒன்றை மாட்டினாள். ஆணி சுத்தமாக விழுந்தது. புது லென்ஸைக் கொண்டு ஜன்னலை எடுத்தாள், எதிர்க் கட்டடத்தை எடுத்தாள், கதவுப் பிடியை எடுத்தாள். எல்லாம் சுத்தம். நாற்காலிக்குத் திருப்பினால் மட்டும் லென்ஸுக்குள் மோட்டார் மெல்ல முனகி, ஆணியைத் தாண்டி முன்னால் வந்து, காற்றில் நின்றது.

அண்ணி கைகளைக் கட்டிக்கொண்டாள். "இந்த ரூம்ல ஏசி இல்லையே?"

"இல்லை."

"அப்புறம் ஏன் குளுருது."

லென்ஸுக்குள் ஒரு சின்னச் சில்லு உண்டு. எந்தத் தூரத்துக்கு எவ்வளவு நகர வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். லென்ஸ் முடியும் முன்பே அதை எழுதி வைத்துவிட்டுப் போனது அம்மாதான். சின்னவள் லென்ஸைக் கணினியில் சொருகி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாற்காலியின் தூரத்துக்கு நேரே ஒரு வரி மட்டும் கூடுதலாக இருந்தது. ஒரு சாணும் நாலு விரலும் முன்னால் வா என்று அந்த வரி சொன்னது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஏதோ வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்டு நின்றது.

"கையால வர்றதை லென்ஸே வரட்டும்னு எழுதிட்டாங்க" என்றாள் சின்னவள் கடைசியில். "இந்த நாற்காலிக்குன்னே. உலகத்துல வேற யாரு ஆணியைப் பிடிச்சு முகத்தை எடுக்கப் போறாங்க? வாங்கறவன் முகத்தைப் பிடிச்சா அவன் மூக்குக்கு முன்னால இருக்கற காத்துதான் விழும்."

"அப்போ தேறாது."

"அந்த ஒரு வரியை அழிச்சா தேறும்."

"அழிச்சிடேன். என்ன யோசனை?"

"அம்மாவுக்கு ஒரு சாண் போதும் அண்ணி. நாலு விரல் யாருக்குன்னு தெரியல."

அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியைக் காட்டினாள். "நீ உக்காரு. நான் அமுக்கறேன்."

அந்த நாற்காலியில் சின்னவள் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. காமிராவுக்குப் பின்னால் நின்றே வளர்ந்தவள். உட்கார்ந்ததும் முதுகுப் பலகை சில்லென்று இருக்கும் என்று நினைத்தாள். இளஞ்சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்பது அப்புறம்தான் உறைத்தது.

மோவாயில் கையை ஊன்றிக்கொண்டாள். அண்ணி ஆணியைப் பிடித்து அமுக்கினாள்.

திரையில் அவள் முகம் கலங்கித் தெரிந்தது. முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த விரலின் நீல பிளாஸ்டர் மட்டும் நூலிழை தெரியக் கூர்மையாக விழுந்திருந்தது.

"உன்னைவிடக் கழுத்து முன்னால இருக்கற ஆளு வேணும்" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, அவளே சிரித்தாள். "வீட்டுலயே ஒண்ணு இருக்கே, உங்கண்ணன். பொழுதன்னிக்கும் கம்ப்யூட்டருக்குள்ள தலையை விட்டுக்கிட்டு. ஆமைக்குக்கூட அப்பப்ப உள்ள போகும்."

மத்தியானம் வழக்கம்போல இரண்டு பேரும் கீழே போய்ச் சாப்பிட்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம்.

அவர்கள் திரும்பி வந்தபோது, அறைக் கதவுக்கு வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தான். உள்ளே போகாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூட்டவே இல்லையே, உள்ள போயிருக்கலாமே" என்றாள் சின்னவள்.

"நீங்க வரட்டும்னுதான்." அவர்கள் பின்னாலேயே உள்ளே வந்தான். "என்ன ஆச்சு? தேறுச்சா?"

அவள் வரியைக் காட்டினாள். அண்ணன் திரையைப் பார்த்தான். பார்த்துவிட்டு, படித்து முடிப்பதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்போ தேறல. மூடிடலாம்."

"அவசரப்படாத அண்ணா. ஒரு தடவை நீ உக்காரு."

"எனக்கு வேலை இருக்கு."

"ஒரு நிமிஷம்."

"வேணாம்னா விடேன்."

இதை அவன் கத்திச் சொல்லவில்லை. ஆனாலும் அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, ஊசியா போடப் போறாங்க? உக்காருங்க."

அண்ணன் உட்கார்ந்தான். யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டான். கைகள் தாமாகவே முழங்கால்மேல் போய் அமர்ந்தன. கழுத்து அதன் வழக்கப்படி முன்னால் வந்தது. இதற்குமுன் எத்தனையோ முறை அப்படி உட்கார்ந்தவனைப் போல.

'டப்.'

அவன் உடம்பு முழுக்க ஒருமுறை அதிர்ந்தது.

திரையில் அண்ணனின் மூடிய இமைகள். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக. லென்ஸின் அழகை சின்னவள் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தாள். முகம் அப்படியே கையில் எடுத்துக்கொள்ளலாம்போல இருந்தது; அதற்குப் பின்னால் எல்லாம் இருட்டில் கரைந்துபோயிருந்தது.

"அம்மா உன்னை உக்கார வச்சிருக்காங்க" என்றாள்.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. "கடைசி மாசம் எல்லாம். நீங்க சாப்பிடப் போற நேரத்துல. 'சின்னவகிட்ட சொல்லாத, அவ ரூம்ல நான் திருட்டு வேலை பாக்கறேன்னு கோவிச்சுக்குவா'ன்னாங்க. சிவப்பு லைட்டு கண்ணுல படும், மூடிக்கோன்னு சொல்வாங்க. அந்த வயசுலயும் என்னைக் குழந்தை மாதிரி."

அண்ணி மெதுவாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா போனப்புறமும் வந்தேன்" என்றான் அவன். "மத்தியானம் யாரும் இல்லாதப்போ. இங்க உக்காந்தா கொஞ்ச நேரம் தலைக்குள்ள எதுவும் ஓடாது. கண்ணை மூடிக்குவேன். அவ்ளோதான்."

ஜன்னலுக்கு வெளியே மேகம் கடந்துபோயிருக்க வேண்டும். அறை ஒருமுறை மங்கி, மறுபடி வெளுத்தது.

"ஒரு நாள் சத்தம் கேட்டுச்சு. 'டப்'னு. பிரமைன்னு விட்டேன். மறுநாளும் கேட்டுச்சு. அப்புறம் உக்காரும்போதெல்லாம்."

"கண்ணைத் திறந்து பாக்கலையா?" என்றாள் அண்ணி. அவள் குரலில் கேலி இல்லை.

"சின்னவளா இருக்கும்னு நெனச்சேன். சத்தம் போடாம வந்து எடுத்துட்டுப் போறாளோன்னு. அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். திறந்து பாத்து, அவ இல்லன்னா என்ன பண்றது?"

அவன் முழங்கால்களைத் தேய்த்துக்கொண்டான்.

"அதனாலதான் சத்தமே வராத காமிரா வேணும்னேன். கணக்கு எல்லாம் நானா சேத்துக்கிட்டது. மிரருக்கு இன்னும் ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? சர்வீஸ் ரூம்ல இப்பவும் லைன் கட்டி நிக்கறாங்க." அவன் கண்ணைத் திறந்து நேராகத் தங்கையைப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன. "ஒண்ணே ஒண்ணு சொல்லு சின்னு. எடுத்தது நீதானே? நீதான்னா, நான் எதையும் மூடல. நீ போதும்னு சொல்ற வரைக்கும் மிரர் ஓடட்டும்."

சின்னவள் வாயைத் திறந்தாள்.

அவள் எடுக்கவில்லை. மத்தியானங்களில் இந்த அறைக்கு அவள் வந்ததே கிடையாது. 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால், அம்மா வரைந்த அத்தனை லென்ஸும் அலமாரிக்குப் போகும். அண்ணன் இனி எந்த இருட்டிலும் கண்ணை மூட மாட்டான். 'ஆமாம்' என்றால் எல்லாம் பிழைத்துவிடும். இதற்கு நடுவில் வேறு சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை.

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அண்ணா" என்றாள்.

அண்ணன் மூச்சை விட்டான். ஒரு வருஷமாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு.

"ஏன்டி சொல்லல?"

"நல்லாத் தூங்கிட்டிருந்தே. எழுப்ப வேணாம்னு."

"தூங்கல."

"கொறட்டை விட்டே."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையால் முகத்தைத் துடைத்தான். எழுந்து நின்றதும் பழைய முதலாளியாகிவிட்டான். காமிராவுக்குள் எழும்பும் கண்ணாடித் தட்டைச் செய்து தருகிறவரைத் தொலைபேசியில் பிடித்து, நிறுத்த வேண்டாம், அடுத்த வருஷத்துக்கும் செய்யுங்கள் என்றான். இந்த லென்ஸோடு கிடப்பில் போட்ட அம்மாவின் மற்ற இரண்டு லென்ஸையும் கொண்டுவருவோம் என்றான். சின்னவள் அந்த வரியை அழிக்க விசையில் விரலை வைத்தபோது மட்டும் தடுத்தான்.

"விக்கறதுல அழிச்சிடு. இந்த ஒண்ணுல இருக்கட்டும்."

அவன் படியிறங்கும் சத்தம் இரண்டு இரண்டு படியாகக் கேட்டது.

அண்ணி கதவருகே நின்றாள். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

"தினமும் மத்தியானம் என் எதிர்லதானே உக்காந்து சாப்பிடுற" என்றாள்.

சின்னவள் லென்ஸுக்கு மூடி போட்டாள்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றாள் அண்ணி. "அவர் இன்னைக்கு ராத்திரியாவது தூங்குவார். ஆனா நீ தனியா இங்க இருக்காத. சீக்கிரம் இறங்கி வா."

கதவு சாத்திக்கொண்டது.

சொன்ன பொய்க்கு ஒரு காவல் வேண்டும் என்று சின்னவளுக்குத் தோன்றியது. நாளைக்கே அண்ணன் அந்தப் படங்களைக் காட்டு என்று கேட்டால்? தன் காமிராக்கள் எல்லாவற்றையும் அவள் அறிவாள். எதிலும் அப்படி ஒரு படம் இல்லை. இந்த அறையில் அவள் படங்களைப் பார்க்காத காமிரா ஒன்றே ஒன்றுதான்.

மூலைக்குப் போனாள். கறுப்புத் துணியில் எங்கும் தூசி இருக்க, ஓர் ஓரம் மட்டும் சுத்தமாக இருந்தது. கையால் பிடித்துத் தூக்கும் இடம். துணியை விலக்கினாள். அம்மாவின் காமிரா நாற்காலியைப் பார்த்தபடி நின்றது. அடியிலிருந்த மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். பேட்டரி அறை காலியாகத்தான் இருந்தது. திரும்பி மேஜையைப் பார்த்தாள். உப்பிய பேட்டரி காகிதங்களின்மேல் அப்படியே கிடந்தது.

பக்கவாட்டு மூடிக்குள் மெமரி கார்டு இருந்தது.

கணினியில் போட்டாள். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. அண்ணன். கண்ணை மூடிய அண்ணன். மழைக்கால வெளிச்சத்தில், கோடை வெளிச்சத்தில். தாடி வளர்ந்த வாரம், மழித்த வாரம். ஒவ்வொன்றிலும் இமை மயிர் தனித்தனியாக. ஒரு படமும் தவறவில்லை. எடுத்தவருக்குக் கை நடுங்கியதே இல்லை.

அவள் பயப்பட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பொறுமையாக ஒரு முகத்தைப் பார்ப்பது யாருக்கு முடியும் என்று நினைத்தாள். ஜன்னலில் வெளிச்சம் குறைந்து, அறையில் திரை மட்டும் வெளுப்பாக நின்றது.

கடைசிப் படத்துக்கு வந்தாள்.

அதில் அண்ணன் இல்லை. மோவாயில் கையை ஊன்றி அவளே உட்கார்ந்திருந்தாள். விரலில் நீல பிளாஸ்டர். காலையில் அண்ணி எடுத்த படம் இல்லை இது. மூலையிலிருந்து, சற்றே பக்கவாட்டில் எடுத்திருந்தது. அண்ணியின் படத்தில் கூர்மையாக நின்ற பிளாஸ்டர் இதில் கலங்கியிருந்தது. அதற்கு நாலு விரல் பின்னால், அவளுடைய இரண்டு கண்களும் மயிரிழை பிசகாமல் விழுந்திருந்தன.

யாரோ அவளுக்காக வளையத்தைக் கையால் திருப்பியிருந்தார்கள்.